ஜனவரி விடியலில் கேரட் பிடுங்க எதைப் போட்டுக்கொண்டு போவது?

நீலகிரியில் கேத்தி பாலாடாப் பக்கம் கேரட் பிடுங்கப் போகிறவர்களுக்கு வேலை ராத்திரி இரண்டு மூன்று மணிக்கே தொடங்கிவிடும். பிடுங்கி, தழையை ஒடித்து, மெஷினில் கழுவி, மூட்டை பிடித்து, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்றியாக வேண்டும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை அந்த நேரத்தில் பள்ளத்துத் தோட்டங்களில் குளிர் பூஜ்யம் டிகிரியை ஒட்டி நிற்கும். சில நாள் அதற்குக் கீழேயும் இறங்கும். அதே பாத்தியில் பகல் பன்னிரண்டு மணிக்கு நின்றால் 20 டிகிரி வெயில் முதுகைச் சுடும்.

என் தங்கை மகன் கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்து, இந்தப் போகத்துக்கு ஓர் ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பெரியம்மா, நல்ல ஜெர்கினா ஒண்ணு வாங்கிட்டா போதுமா?" டவுனில் ஒரு கடையில் பார்த்து வைத்திருக்கிறான். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது, 2,800 ரூபாய். அவனுக்கும் அவன் மனைவிக்கும் சேர்த்துக் கையில் இருந்ததே ஆறாயிரத்துச் சொச்சம்தான். வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்ல ஒரு மாலை முழுக்க ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நீலகிரியில் குளிர்காலம் ஒன்றல்ல, இரண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மேகம் மூடி, தூறலும் மூட்டமுமாக நாள் முழுக்க ஒரே குளிர். அப்போது ஈரம் மேலிருந்து வரும். மழை விட்டு வானம் தெளிந்த பிறகு நீர்ப்பனி, அப்புறம் உறைபனி. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் வழிந்து பள்ளத்தில் வந்து தேங்கும். மேட்டு வீட்டு முற்றத்தில் ஒன்றும் தெரியாது, கீழே தோட்டத்தில் உப்பு கொட்டியதுபோல் வெள்ளையாகக் கிடக்கும். அந்த நாட்களில் மேலிருந்து ஒரு சொட்டுகூட விழாது. தழையில் உறைந்திருப்பது நம் கை பட்டதும் உருகும். பத்துச் செடி பிடுங்குவதற்குள் சட்டைக் கை முழங்கை வரை நனைந்துவிடும். பாத்திக்குள் நடந்தால் தொடைக்குக் கீழே மொத்தமும் ஈரம்.

தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஆகவே நெஞ்சில் எவ்வளவு கனமாகப் போட்டிருக்கிறோம் என்பது இரண்டாவது விஷயம். முழங்கைக்குக் கீழேயும் இடுப்புக்குக் கீழேயும் காய்ந்து இருக்கிறதா என்பதுதான் முதல் விஷயம். நாமோ இருக்கிற பணத்தையெல்லாம் நெஞ்சுக்குச் செலவழித்துவிட்டு, காலுக்குச் செருப்போடு போகிறோம்.

இன்னொரு ஈரம் உள்ளிருந்து வருவது. மூட்டை தூக்கிக்கொண்டு சரிவில் ஏறினால் ஜனவரியிலும் வியர்க்கும். ஏறி முடித்து லாரிக்காகப் பத்து நிமிடம் நிற்கும்போது அந்த வியர்வையே ஐஸ் ஆகும். இதனால்தான் உள்ளே காட்டன் பனியன் போடாதே என்கிறேன். காட்டன் வியர்வையைக் குடித்துக்கொண்டு விடாது. பையன்கள் ஃபுட்பால் ஆடப் போடுகிற பாலியெஸ்டர் ஜெர்சி இருக்கிறதே, அதுவே நல்ல உள்சட்டை. வீட்டில் பழையது கிடக்கும், காசே வேண்டாம்.

சரி, மேல்சட்டைக்கு வருவோம். இங்கே நாலைந்து விதம் கிடைக்கிறது. ஊட்டி திபெத்திய மார்க்கெட்டிலும் சந்தைக் கடைகளிலும் தொங்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலும் லூதியானா சரக்கு, அதிலும் அதிகம் அக்ரிலிக். திருப்பூர் காட்டன் ஹூடி இன்னொன்று. அப்புறம் பிளீஸ், அதாவது உள்ளே பஞ்சு பஞ்சாக இருக்கும் பாலியெஸ்டர் துணி. நிஜக் கம்பளி ஸ்வெட்டர். கடைசியாகப் பஞ்சு ஜெர்கின்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலையில்லாமல், ஜெர்கின் தவிர்த்து வீட்டில் இருந்த நாலையும் வாளியில் முக்கி, முறுக்கிப் பிழிந்து வராந்தாக் கொடியில் போட்டேன். காலை எட்டு மணி. வெயில் படாத இடம். பிளீஸ் மதியச் சாப்பாட்டுக்குள் போட்டுக்கொள்கிற பதத்துக்கு வந்துவிட்டது. அக்ரிலிக் சாயங்காலம் ஆனது. கம்பளி மறுநாள் காலையிலும் லேசான ஈரத்தோடுதான் இருந்தது, ஆனால் போட்டுப் பார்த்தால் குளிரவில்லை. காட்டன் ஹூடியை மறுநாள் மதியம் தொட்டுப் பார்த்தேன், கைப்பட்டியிலும் அடிப்பட்டியிலும் இன்னும் தண்ணீர் தேங்கியிருந்தது. ஹூடி தோட்டத்துக்கு ஆகாது. கடைத்தெருவுக்குப் போட்டுக்கொண்டு போகலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

கம்பளிக்கு ஈடாக ஒன்றும் கிடையாது என்று எங்கள் மாமனார் சொல்வார். பாதி உண்மை. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை இழுத்துக்கொண்டும் சொதசொதப்புத் தெரியாமல் வைத்திருக்கும், நனைந்தும் கதகதப்பைக் கைவிடாது. நெருப்புப் பொறி பட்டால் கருகுமே தவிர உருகிப் பிடிக்காது. காலையில் தீ மூட்டிக் கை காய்ச்சுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. பிளீஸில் ஒரு பொறி விழுந்தால் ஓட்டை, நைலானில் விழுந்தால் பெரிய ஓட்டை.

ஆனால் நிஜக் கம்பளி கிடைப்பதுதான் கஷ்டம். ஒரு கடையில் "சுத்தக் கம்பளிம்மா, அடியில லேபிள் பாருங்க" என்று 1,800 ரூபாய்க்கு ஒன்று தலையில் கட்டினார்கள். வீட்டுக்கு வந்து தையல் ஓரத்தில் ஒரு இழை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. எனக்கு வந்தது பிளாஸ்டிக் வாடை, நுனியில் கறுப்பாகக் கெட்டி உருண்டை. அக்ரிலிக். வாங்கும் முன்பே ஒரு இழை கேளுங்கள். தயங்குகிற கடைக்காரர் பதிலைச் சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

இதில் ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. நீலகிரிக்கென்றே ஒரு செம்மறி இனம் இருக்கிறது, மெரினோ ரத்தம் கலந்தது, மெல்லிய நல்ல கம்பளி தருவது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் அதற்கு ஆராய்ச்சி நிலையமே உண்டு. கொடைக்கானல் மன்னவனூரிலும் செம்மறிப் பண்ணை இருக்கிறது. இத்தனை இருந்தும் இங்கே குனிந்து வேலை செய்கிறவள் போட்டிருப்பது பஞ்சாபிலிருந்து வந்த அக்ரிலிக்.

என் தீர்ப்பு: தோட்ட வேலைக்குப் பிளீஸ். இப்போது சுமார் 700 ரூபாய்க்கு நல்லதாகக் கிடைக்கிறது. துவைத்தால் அன்றே காயும், எடை இல்லை, வெயில் ஏறியதும் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். காற்று உள்ளே புகும் என்பது உண்மைதான். அதற்கு மேலே ஒரு கெட்டியான முழுக்கைச் சட்டை போட்டால் தீர்ந்தது. தீ மூட்டி உட்காருகிற பழக்கம் இருந்தாலோ, வேலை அதிகம் நகராமல் ஒரே இடத்தில் நின்று செய்வதாக இருந்தாலோ கம்பளி. அக்ரிலிக் மோசமில்லை, ஆனால் முழங்கையும் அக்குளும் ஒரே சீசனில் உருண்டை உருண்டையாகப் பந்து கட்டித் தளர்ந்துவிடும்.

ராணுவ முகாம் உள்ள வெலிங்டன் பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, இங்கே மிலிட்டரி ஸ்வெட்டருக்குத் தனி மரியாதை. அதில் கவனிக்க வேண்டியது நிறமல்ல, தோளிலும் முழங்கையிலும் வைத்துத் தைத்திருக்கும் துணி ஒட்டு. தேய்கிற இடம் அது இரண்டுதான். எந்த ஸ்வெட்டர் வாங்கினாலும் போடத் தொடங்கும் முன்பே பழைய ஜீன்ஸிலிருந்து நாலு துண்டு வெட்டி அங்கே தைத்துவிடுங்கள். கிழிந்த பிறகு தைப்பதைவிட இது இரண்டு மடங்கு நாள் வரும்.

தேயிலைக்குப் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. கவாத்து வெட்டிய செடியின் குச்சிகள் பின்னல் துணியை விடாது, இழை இழையாக உருவிவிடும். ஸ்வெட்டருக்கு மேல் ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள் நம் பெண்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஆனால் இதைவிடச் சரியான ஏற்பாடு கிடையாது. நெய்த துணி வெளியே, பின்னல் உள்ளே.

இப்போது அந்த ஜெர்கின். அதைக் குறை சொல்ல மாட்டேன். பைக்கில் வரும்போது காற்றைத் தடுக்க அதற்கு நிகரில்லை. ஆனால் குனிந்து நிமிர்கிற வேலையில் கால் மணி நேரத்தில் உள்ளே வியர்த்துவிடும். ஜிப்பில் சேறு ஏறினால் பல் பிடிக்காது, கைப்பட்டியில் இருக்கும் வெல்க்ரோவில் தழையும் வேரும் ஒட்டி ஒரு வாரத்தில் செத்துப்போகும். நனைந்தால் உள்ளிருக்கும் பஞ்சு கட்டி தட்டும். கழற்றினால் வைக்க இடமில்லை. சந்தையில் குவித்துப் போட்டு விற்கும் பழைய வெளிநாட்டு ஜாக்கெட்டுகளும் இப்படித்தான், பனிமழை பெய்கிற ஊரில் நின்றுகொண்டிருப்பதற்காகத் தைத்தவை. அவற்றில் எதையாவது எடுப்பதென்றால் பட்டன் வைத்ததை எடுங்கள். பட்டன் போனால் வீட்டில் தைத்துக்கொள்ளலாம்.

இடுப்புக்குக் கீழே போவோம். எனக்குச் சொல்ல அதிகம் இருப்பது இங்கேதான், ஏனென்றால் கடைக்காரர்கள் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆண்களுக்கு ரெயின்கோட் பேன்ட் இருக்கிறது. சேலையோ நைட்டியோ கட்டுகிறவளுக்கு? அடிப்பட்டி நனைந்தால் ஈரம் துணியிலேயே மேலேறி முழங்காலைத் தாண்டிவிடும். உள்ளே டிராக் பேன்ட் போட்டு, சேலையை முழங்கால் அளவுக்குத் தூக்கிச் சொருகி, மேலே இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஒரு கனத்த பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொள்வதுதான் நான் கண்டதில் சரியாக இருப்பது. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர்கள் கட்டுவது இதுதான். எங்களிடம் வேலைக்கு வரும் ஓர் அக்கா இதைப் படங்கு என்பார். அவர் குடும்பம் இலங்கையிலிருந்து திரும்பி வந்தது. அங்கே மலைத் தோட்டத்தில் அவர் அம்மா சாக்கையும் கம்பளிப் போர்வையையும் தலையும் முதுகும் மூடக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மலையேறிய கதையைப் பனி விழுகிற காலையில்தான் சொல்வார்.

இந்தியாவில் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளிப் போர்வை, ரெயின்கோட் கொடுக்க முதலாளிக்கு விதி போட இடம் வைத்திருந்தார்கள். அது எஸ்டேட்டுக்கு. நம்மைப்போல் அரை ஏக்கர், ஓர் ஏக்கர்காரர்களுக்கும் நம்மிடம் கூலிக்கு வருகிறவர்களுக்கும் அவரவர் கைக்காசுதான். உறைபனி நாளில் தேயிலைச் செடிக்குத் தாகைச் செடியை வெட்டிப் போட்டு மூடுகிறோம். ஆட்களுக்கு ஆளுக்கொரு தாள் வாங்கிக் கொடுக்க 150 ரூபாய்கூட ஆகாது.

தாளா, ரெயின்கோட்டா என்றால், உறைபனி மாதத்துக்குத் தாள். மழை மாதத்துக்கு ரெயின்கோட் செட். ரெயின்கோட்டில் மலிவான பிவிசி எடுத்தால் அக்குளிலும் தொடையிடுக்கிலும் கிழியும், பனியில் விறைத்துப்போய்ச் சரசரக்கும். பைக்காரர்கள் போடும் நைலான் செட், உள்பக்கம் தையல் மேலே டேப் ஒட்டியது, 900 ரூபாய் அளவில் கிடைக்கும், மூன்று மழைக்காலம் வரும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும், வியர்வையை வெளியே விடும் மலையேற்ற ரெயின்கோட்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சேறு படிந்தால் அந்த மாயமெல்லாம் வேலை செய்யாது.

கைக்கு வருவோம். கம்பளிக் கையுறை போட்டுக் கேரட் பிடுங்கினால் ஐந்தே நிமிடம், அப்புறம் வெறுங்கையே மேல் என்று தோன்றும். உள்ளங்கையில் ரப்பர் பூச்சு உள்ள நூல் கையுறை, கட்டட வேலைக்காரர்கள் போடுவது, பிடி நன்றாகக் கொடுக்கும், ஜோடி ஐம்பது அறுபது ரூபாய்தான். ஆனால் புறங்கை நனையும். முழங்கைவரை வரும் ரப்பர் கையுறையை ஒரு அளவு பெரிதாக வாங்கி, உள்ளே மெல்லிய அக்ரிலிக் கையுறை போட்டுக்கொண்டால் பிடுங்கவும் கழுவவும் தாங்கும். சட்டைக் கை நனையும் பிரச்சினையும் அதோடு போய்விடும். உள்கையுறை இரண்டு ஜோடி வேண்டும். ஒன்று கையில், இன்னொன்று இடுப்பில் சொருகி உடம்புச் சூட்டில். நாலரை மணி வாக்கில் மாற்றிப் போடும்போது வருகிற சுகத்தை எழுதிக் காட்ட முடியாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு வருடம் வலது கை விரல்கள் சிவந்து, வீங்கி, ராத்திரியில் அரித்துத் தூங்கவிடவில்லை. ஈரமும் குளிரும் சேர்ந்து விரலை அப்படிச் செய்யும், உறையும் அளவுக்குக் குளிர வேண்டும் என்றுகூட இல்லை. மரத்துப்போன கையை நேராக அடுப்பில் காட்டியதும் என் தப்பு. மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டும். அக்குளுக்குள் வைத்துக்கொண்டாலே போதும்.

காலுக்கு கம்பூட்ஸ், அதாவது தண்ணீர் புகாத உயரமான பூட்ஸ். இதில் ஒப்பிட ஒன்றுமில்லை. கேன்வாஸ் ஷூ நனையும், மலையேற்ற ஷூ விலையும் அதிகம், சேற்றில் கனத்தும் போகும். கம்பூட்ஸில்தான் இரண்டு வகை. பிவிசி மலிவு, 400, 450 ரூபாய். ஆனால் குளிரில் கெட்டியாகி, விரல் மடங்குகிற இடத்தில் விரிசல் விடும். ரப்பர் கொஞ்சம் கூடுதல் விலை, மடங்கிக் கொடுக்கும். அளவு ஒன்று கூட்டி வாங்கி, கனத்த சாக்ஸ் போடுங்கள். இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். பூட்ஸுக்குள் கால் வியர்க்கும் என்பதால் காலைச் சாப்பாட்டு நேரத்தில் சாக்ஸ் மாற்றுவது நல்லது. பெண்களுக்கு 4, 5 நம்பர் கம்பூட்ஸ் கேட்டால் "வரவழைச்சுத் தர்றேன்" என்பார்கள். விடாமல் கேளுங்கள். எங்கள் தெருவில் ஆறு பேர் சேர்ந்து கேட்ட பிறகுதான் ஒரு கடையில் ஒரு டஜன் வந்தது. பெரிய அளவில் துணி திணித்துப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினால் கணுக்கால் போய்விடும்.

தலைக்கு மங்கி குல்லாவா, மஃப்ளரா? மெஷின் பக்கம் நிற்கிறவர்களுக்கு மஃப்ளர் கூடவே கூடாது. கேரட் கழுவும் மெஷினின் பெல்ட்டுக்கும் பவர் டில்லருக்கும் தொங்குகிற துணி நுனி ஒன்று போதும். துண்டு, துப்பட்டா எல்லாம் இதில் சேர்த்தி. மங்கி குல்லா கதகதப்பு, ஆனால் காதை முழுக்க அடைத்துவிடும். இருட்டில் தோட்டத்துக்கு நடக்கும்போது காட்டுமாடு மூச்சு விடுவது கேட்க வேண்டும். கரடி நடமாட்டமும் உண்டு. நான் நடக்கும்போது குல்லாவைக் காதுக்கு மேலே மடித்துவிடுவேன், குனிந்ததும் இறக்கிக்கொள்வேன். ஜெர்கினின் தொப்பி இதைவிட மோசம், தலையைத் திருப்பினால் தொப்பியின் உள்பக்கம்தான் தெரியும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அழுக்குத் தெரியாது என்று எல்லாரும் கறுப்பு, பழுப்பு வாங்குகிறோம். மூட்டத்தில் ரோட்டோரம் நடக்கிறவரை லாரிக்காரர் பார்க்க வேண்டுமே. ஆரஞ்சோ மஞ்சளோ ஒரு துண்டை முதுகில் தைத்துக்கொண்டாலும் போதும்.

மருந்து அடிக்கும்போது இந்தத் துணிகள் எதையும் போடாதீர்கள், பின்னல் துணி மருந்தைக் குடித்துக்கொள்ளும். கம்பளியைப் பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, தட்டையாக விரித்துக் காயப்போட வேண்டும். என் வீட்டுக்காரர் தன் ஸ்வெட்டரைச் சுடுதண்ணீரில் வாஷிங் மெஷினில் போட்டு, இப்போது அதைப் பேரன் போட்டுக்கொண்டு திரிகிறான். பூட்ஸைக் குச்சியில் தலைகீழாக மாட்டி வையுங்கள், நிமிர்த்தி வைத்தால் தேரை குடியேறும்.

தங்கை மகனுக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு இது: கம்பூட்ஸ், சாக்ஸ் இரண்டு ஜோடி, கையுறைகள், தாள், குல்லா, பிளீஸ், ரெயின்கோட் செட். ஆளுக்கு மூவாயிரத்துக்குள் முடிந்தது. ஒரே நாளில் எல்லாம் வாங்க முடியாதவர்கள் இதே வரிசையில் காலிலிருந்து தொடங்கலாம். ஜனவரியில் வாங்குகிறவர்கள் ரெயின்கோட்டை அடுத்த பருவமழைக்குத் தள்ளிப்போடலாம்.

ஜெர்கினையும் அவன் விடவில்லை. அடுத்த மாதக் கேரட் பணத்தில் வாங்கிவிட்டான். பைக்கில் போட்டுக்கொண்டு வருவான், பம்ப் ரூம் ஆணியில் மாட்டிவிட்டு, தாளைக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்குவான். போன வாரம் பார்த்தால், எலி அதன் ஒரு பையைக் கடித்து, பஞ்சை உருவி மோட்டாருக்குப் பின்னால் கூடு கட்டியிருக்கிறது.